தொரப்பள்ளி தந்த இதழாளர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த இராஜாஜியைக் கவர்னர் ஜெனரலாகவும் முதலமைச்சராகவும் இவ்வட்டாரம் நன்கறியும். ஆனால் அப்பதவிகள் சில ஆண்டுகளே நீடித்தன. அரசியலை எழுத்தால் ஆராய்ந்த பணியோ அரை நூற்றாண்டு தொடர்ந்தது. ஓசூர்ப் பள்ளியிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரான அவர், 1916இலேயே அறிவியல் கலைச்சொற்களுக்கெனத் தமிழில் ஒரு சங்கம் கண்டார் என்பதும் மறக்கற்பாலதன்று. 1922இல் காந்தியடிகள் சிறை சென்றபின், 'யங் இந்தியா'வின் ஆசிரியப் பொறுப்பையும் சிலகாலம் ஏற்றார்.

எனினும் அவருடைய இதழ்ப்பணியின் சிறப்பைக் காண விரும்புவோர் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திற்கே செல்ல வேண்டும். மதுவிலக்குக்கென்றே 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' வெளிவந்தது. 'நவசக்தி'யை விட்டு வந்த கல்கி அதில் துணைநின்றார். எழுத்தறியாதவருக்கும் ஒருவர் படித்துச் சொன்னால் விளங்கக்கூடிய எளிய நடையை இருவரும் நாடினர். கல்கியின் பிற்கால வெற்றிக்கு இவ்வாசிரமமே பயிற்சிக்களம் எனலாம். இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை, கொள்கை நிலைத்தது. 1937இல் ஆட்சிக்கு வந்த இராஜாஜி, ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொணர்ந்தார்.

அவ்வாட்சியின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் தகாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவரே. அதை எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். 1950களின் பிற்பகுதியில் அதே இராஜாஜி, இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அக்கட்டுரைகளின் வாதவன்மை பெரிது. ஆயினும் அவ்விரு உயிர்களுக்கு அது ஈடாகாது.

காசா சுப்பா ராவ் 1956இல் தொடங்கிய 'சுவராஜ்யா' வார இதழே அவருடைய முதுமைக்கால மேடை. வாசகரை நேரே விளித்து, வாரந்தோறும் அன்றாட அரசியலை அதில் விமரிசித்தார். அக்கட்டுரைகள் 'சத்தியமேவ ஜயதே' என நூல்வடிவமும் பெற்றன. 1959இல் சுதந்திராக் கட்சியைக் கண்ட அவர், தொழில் தொடங்க அரசின் உரிமத்திற்குக் காத்துக்கிடக்கும் முறையைப் 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' எனச் சாடினார். அச்சாடலில் உண்மை உண்டு. ஆனால் அவர் பிறந்த மண்ணே அதற்கு முழுச் சான்றாக அமையவில்லை. வானம் பார்த்த இவ்வெல்லைப் பகுதிக்கு ஆலைகளைக் கொணர்ந்ததில், 1971இல் தோன்றிய அரசு நிறுவனமாகிய சிப்காட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓசூரின் பெயரை வீடுதோறும் கொண்டுசென்ற டைட்டன், டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூடி 1984இல் உருவாக்கியதாகும். இதற்கு அவர் என்ன மறுமொழி எழுதியிருப்பார் என எண்ணிப் பார்த்தல் சுவையானது.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, 92 வயதில், முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாமென மன்றாடினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 'விமோசனம்' இதழில் எழுதிய அதே பொருளை நாற்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுத நேர்ந்தது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் மறையும் ஆண்டு வரையிலும் அவர் பேனா ஓயவில்லை.