பிடுங்காமற் காத்த பல்

இராமானுஜர் அவதரித்த திருத்தலமென்றே பல நூற்றாண்டுகள் போற்றப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியதும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்ததும், பொழுதை ஷிப்டுகளாகப் பகுத்து வாழும் பிரதேசமாயிற்று. அங்கே உழைப்பவரின் பல்வலிக்கும் ஒரு பூர்வசரித்திரம் உண்டு.

கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சு, அதுவும் பலியாவிடில் குறடு என்பதே நம் கிராமங்கள் நெடுங்காலம் அறிந்த சிகிச்சை. பல்லினுள் ஜீவனுள்ள கூழ் அழுகினாலும், அதனை அகற்றி வேர்க்குழலைச் சுத்தி செய்து அடைத்துவிட்டால் பல் தாடையிலேயே நின்று உழைக்கும் என்னும் ஞானம் மெல்லவே கூடிற்று. 1838-இல் எட்வர்ட் மேனார்ட் என்னும் அமெரிக்கர் கடிகாரச் சுருள்வில்லை அராவி வேர்க்குழலுள் நுழையும் கருவியைச் சமைத்தார். 1867-இல் போமன் என்பவர் கட்டாபெர்ச்சாவால் குழலை அடைத்தார். மலேயாக் காட்டு மரத்தின் பாலாகிய இப்பொருளே, சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் சென்ற தந்திக் கம்பிக்கும் நீர் புகாத உறையாயிருந்தது என்பது நினைக்க இன்பந்தருவது.

ஆனால் 1910-இல் வில்லியம் ஹன்டர் மான்ட்ரீலில் ஆற்றிய உரையில் வாயின் சீழே பல உடற்பிணிகளுக்கு மூலமென்று கூற, அதனைப் பற்றிக்கொண்ட வைத்தியர்கள் காக்கத்தக்க பற்களையும் பிடுங்கி எறிந்தனர். அறியாமையால் இழந்த பற்களைவிட அரைகுறை அறிவால் இழந்தவையே எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. வேர்க்குழலைச் சுத்தி செய்து அடைக்கும் ரூட் கெனால் சிகிச்சையில் நம்பிக்கை இழக்காத அமெரிக்க வைத்தியர்கள் 1943-இல் சங்கம் கண்டனர். இருபதாண்டு கழித்தே அங்கு அது தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது.

நம் தேசத்தில் பல் மருத்துவர் சட்டமும் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமும் 1948 என்னும் ஒரே ஆண்டில் பிறந்தன. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தோன்றிற்று. 1988-இல் ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் பூந்தமல்லிச் சாலையிலேயே, வேலப்பன்சாவடியில், சவீதா பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. வித்தை இவ்வாறு வாசலுக்கே வந்திருக்க, ஒப்பந்தத் தொழிலாளி இன்னும் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நேர்வது ஏன்? பிடுங்க ஒரு வேளை போதும். ரூட் கெனாலுக்கோ பலமுறை வரவேண்டியிருக்கும், ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாட் கூலி போகும். நிக்கல்-டைட்டானியத்தாலான சுழல் அரங்கள் வந்தபின், தகுதியான பல்லுக்கு ஒரே அமர்வில் சிகிச்சையை முடிக்க இயலும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குட்பட்டோருக்கு 2017 முதல் உரிமையளிக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் அக்கருவிகளும், அவற்றைக் கையாளும் நிபுணரும், இரவு ஷிப்டு முடிந்து வருவோருக்கென விடியற்காலைச் சிகிச்சை நேரமும் அமையவேண்டும்.