சோமப்பா சாலைக்கு வந்த பல்கலைக்கழகம்

சாங்கியில் உள்ள சோமப்பா சாலை, ஹன்மா சோமப்பா என்ற இந்திய நில உடைமையாளரின் பெயரைத் தாங்கியது. முன்பு கம்பமாக இருந்த அந்த வட்டாரத்தில்தான் 2015 முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் நடந்து வருகிறது. நம் பேரப்பிள்ளைகள் வண்டி பிடித்துப் போய்ப் படிக்கிற இடத்திற்கு, நம் தலைமுறைக்கு வழி தெரியாது.

நம் சங்கம் தொடங்கிய காலத்தில் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய பள்ளி அது. ஆனால் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பாடமொழி ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவருக்குப் பொறியியல் வகுப்பின் வாசல் எட்டாத உயரத்தில் இருந்தது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். 1982இல் பள்ளி மூடப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நாமும் அதைத்தானே செய்தோம்!

சீனர்களுக்கும் இதே கதைதான், அளவுதான் பெரிது. முச்சக்கர வண்டி ஓட்டியவர்கள்கூட நன்கொடை கொடுத்து எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. மறு ஆண்டு அதே வளாகத்தில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் உருவானது. கலையும் அறிவியலும் கற்பித்த இடத்தில் தொடக்கத்தில் பொறியியல் மட்டுமே.

காரணம் சாங்கியிலேயே தெரிந்தது. 1971இல் பிரிட்டிஷ் விமானப் படை இங்கிருந்து வெளியேறியது. பிரிட்டிஷ் தளங்களை நம்பி வாழ்ந்த பல குடும்பங்களின் வருமானம் நின்றது. நாட்டுக்குத் தொழிற்சாலைகள் வேண்டும், தொழிற்சாலைகளுக்குப் பொறியாளர்கள் வேண்டும். தொழில் என்ன கேட்டதோ அதைப் பல்கலைக்கழகம் தந்தது. அதனால் நம் வீடுகளிலும் விளக்கு எரிந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆராய்ச்சிக்குப் பணம் பிறகுதான் வந்தது. 1991இல் ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி வெள்ளி. 2021 முதல் 2025 வரைக்கு முதலில் ஒதுக்கியது 2,500 கோடி. பணத்தோடு கேள்வியும் வந்தது: இதனால் தொழிலுக்கு என்ன பயன்? விடை தெரிய இருபது ஆண்டு பிடிக்கும் அடிப்படை அறிவியலுக்கு அது கடினமான கேள்வி.

அந்தக் கேள்வியை அரசாங்கம் மட்டும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவரின் மகள் இயற்பியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது, அவருடைய அத்தா கேட்டதும் அதேதான். “படித்துவிட்டு எங்கம்மா வேலைக்குப் போவே?” அந்தப் பிள்ளை இயற்பியலில்தான் சேர்ந்திருக்கிறாள். அத்தா இன்னும் சமாதானமாகவில்லை.