பெயரும் பிணியும்: பெருநாடி வீக்கத்தின் வரலாறு

மருத்துவ வரலாற்றிலே சில நோய்கள் தம் பெயராலேயே மயக்கந் தருவனவாயுள்ளன. இதயத்தினின்று குருதியைக் கொண்டுசெல்லும் பெருநாடியின் சுவர் நலிந்து புடைத்தலை 'அனியூரிசம்' என்பர். அச்சுவரைக் கிருமிகள் அரித்தலால் உண்டாகும் வீக்கத்துக்குப் பங்கசினைக் குறிக்கும் 'மைக்கொற்றிக்' என்னும் அடைமொழி வழங்குகின்றது. ஆயினும் அதன் காரணம் பெரும்பாலும் பற்றீரியாவேயாகும்.

இப்பெயரை வழங்கியவர் கனடாவிற் பிறந்த வில்லியம் ஒஸ்லர் ஆவார். 1885 ஆம் ஆண்டில் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியில் இதய உட்சவ்வழற்சி பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். இறந்த ஒருவரின் பெருநாடி வளைவிலே காணப்பட்ட நான்கு வீக்கங்களை அங்கு விவரித்தார். அந்நோயில் தோன்றும் வளர்ச்சிகள் காளானை ஒத்திருந்தன. பற்றீரியாக்களைப் பங்கசுகளோடு சேர்த்தெண்ணுவதும் அக்கால வழக்கமே. பின்னர் அவ்வகுப்பு முறை மாறிற்று, பெயரோ மாறவில்லை.

நோயின் வழியும் காலத்தோடு மாறியது. ஒஸ்லர் காலத்தில் இதய வால்வுகளினின்று பிரிந்த நச்சுத் துணுக்குகளே பெரும்பாலும் நாடிச்சுவரைக் கெடுத்தன. 1928 இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் 1940களிற் பரவலாக வழங்கிய பின்னர் அவ்வழி அருகிற்று. முதுமையாற் கொழுப்புப் படிந்து கரடான சுவரிலே, குருதியில் வந்த சல்மனெல்லா, தபிலோகொக்கசு முதலியன தங்குதல் முதன்மை பெற்றது.

ஆயின், இதனை உயிருள்ளபோதே அறிதல் எங்ஙனம்? காய்ச்சல், முதுகு அல்லது வயிற்று வலி, துடிக்கும் கட்டி என்னும் மூன்றும் ஒருங்கே தோன்றுவது அரிது. காய்ச்சலை வேறொரு தொற்றெனவும், வலியை முள்ளந்தண்டு நோயெனவும் கொள்ளல் எளிது. குருதியை வளர்ப்பூடகத்தில் இட்டுச் சோதித்தபோதும் சிலரிடத்துக் கிருமி தென்படுவதில்லை. தாமதமோ கொடிது, அரிக்கப்பட்ட சுவர் வெடிப்பின் பெருங்குருதிப் போக்கால் உயிர் போகும்.

1971 இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளியொருவருக்குப் பயன்பட்ட சீ.ரி. படமுறை, பின்னாளில் இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. ஒழுங்கற்ற பை, சூழ்ந்த இழையங்களின் அழற்சி, சிலவேளை வாயுக்குமிழ், சில நாள்களுக்குள்ளேயே பருத்தல் ஆகியன தொற்றைக் காட்டும் குறிகளாம். அறிந்தபின் நுண்ணுயிர் எதிர்மருந்தை நீண்டகாலம் கொடுத்து, இயலுமாயின் அறுவையும் செய்வர்.

எனினும், படம் எடுக்க வேண்டுமென்னும் எண்ணம் முதலில் வைத்தியர் உள்ளத்தில் எழவேண்டும். காரணந் தெரியாக் காய்ச்சலோடு முதுகுவலியும் உடைய முதியவரிடத்துப் பெருநாடியையும் ஐயுறுதலே நோய் காணலின் முதற்படி. ஒஸ்லர் பிணத்திற் கண்டதை உயிருள்ளவரிடத்துக் காணச் செய்வது அவ்வையமேயாகும்.