இதய மரபணுவில் விடுபட்ட 25 எழுத்துகள்

மண்ணச்சநல்லூரிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் செல்லும் பேருந்தில் 50 பேர் பயணம் செய்தால், அவர்களில் இருவருக்கேனும் இதயத் தசை தொடர்பான மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கக்கூடும். இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இக்குறை உள்ளதாக, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஹைதராபாதின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் பங்கேற்ற ஆய்வு 2009-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் தெரிவித்தது. இதயத் தசை நோயாளிகள் 800 பேரையும் நோயற்றோர் 699 பேரையும் ஒப்பிட்டதில், குறையுள்ளோருக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு எனத் தெரியவந்தது.

இதயத் தசை நார்களை ஒழுங்குபடுத்தும் புரதம் ஒன்றுக்கான குறிப்பைத் தாங்கியிருப்பது அந்த மரபணு. விடுபட்ட எழுத்துகள் புரதத்தின் குறிப்பில் நேரடியாக இடம்பெறுபவை அல்ல. குறிப்பை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று காட்டும் இடைப்பகுதியைச் சேர்ந்தவை. அவை இல்லாதபோது வெட்டு பிசகுகிறது. புரதத்தின் வால்பகுதி உருமாறிவிடுகிறது. இளமையில் உயிரணுக்கள் பழுதான புரதத்தை அவ்வப்போது சிதைத்து அகற்றிவிடுகின்றன. வயது ஏற ஏற அத்திறன் குன்ற, புரதம் தேங்கித் தசையின் கட்டமைப்பு குலைகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நோய் தலைகாட்டும் முன்பே பிள்ளைகள் பிறந்து, மரபணுவும் கைமாறிவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இயற்கைத் தேர்வு இதைக் களையாததன் காரணம் இதுவே.

ஆனால், குறையுள்ள எல்லாரும் நோயாளிகள் அல்லர். அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடையே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, இதே மரபணுவில் மற்றொரு பிறழ்வும் உடன்சேர்ந்தவர்களிடமே இதய இயக்க மாறுபாடுகளைக் கண்டது. எனவே, அனைவருக்கும் மரபணுச் சோதனை என்பது வீண் அச்சத்தையே விளைவிக்கும். ஜாதகத்தோடு மரபணு அறிக்கையையும் கேட்கும் காலம் வந்துவிடக் கூடாது! அதேவேளையில், நெருங்கிய உறவுத் திருமணத்தில் பிறக்கும் குழந்தை இக்குறையின் இரு பிரதிகளையும் பெறும் வாய்ப்பு கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், 'மாரடைப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு அதை முடித்துவிடுகிறோம். அவருடைய உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் அதை இதய மருத்துவரிடம் கூற வேண்டும். தசை தடித்திருக்கிறதா, இதயம் விரிந்திருக்கிறதா என்பதை எக்கோ பரிசோதனை காட்டிவிடும். ஒருமுறை இயல்பாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் பார்த்துக்கொள்வது அவசியம். குறை வெளிப்படுவது வயதேறிய பிறகுதான்.