எலிகளுக்கு அடித்த யோகம்

1976-ம் வருஷம். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் சில எலிகளுக்கு யோகம் அடித்தது!

சோதனைச்சாலை எலிக்கு வழக்கமான சாப்பாடு, காய்ந்த தீனி உருண்டை. ஹாஸ்டல் மெஸ் மாதிரி தினமும் அதே ருசி. கூண்டு நிறையக் கொட்டி வைத்தாலும் எலி அளவாகத்தான் தின்னும். அதைக் குண்டாக்க விஞ்ஞானிகள் என்னவெல்லாமோ செய்தார்கள். 1940-ல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலியின் மூளைக்குள்ளேயே கை வைத்தார்கள். ஹைபோதலாமஸ் பகுதியில் சின்னதாக ஒரு காயம். எலி பலூன் மாதிரி ஊதிப் போனது!

புரூக்ளினில் அந்தோணி ஸ்க்லஃபானிக்கு அறுவை சிகிச்சையெல்லாம் தேவைப்படவில்லை. நேராக சூப்பர் மார்க்கெட் போனார். சாக்லேட் பிஸ்கட், சீஸ், சலாமி, வாழைப்பழம், கண்டென்ஸ்டு மில்க்... எல்லாவற்றையும் எலிகள் முன் பரப்பினார். இரண்டே மாதம். வெறும் தீனி தின்ற எலிகளுக்கு ஏறிய எடையைவிட, இவற்றுக்கு ஏறிய எடை 269 சதவிகிதம் அதிகம்!

கதை இத்தோடு முடிந்திருந்தால் சுலபம். 1979-ல் லண்டனில் நான்சி ராத்வெல், மைக்கேல் ஸ்டாக் இருவரும் இதே மாதிரி விருந்து வைத்தார்கள். எலிகள் வெளுத்துக் கட்டின. ஆனால், தின்ற கணக்குக்கு எடை ஏறவில்லை. மிச்ச கலோரி எங்கே போச்சு?

சூடாகப் போனது என்றார்கள். எலியின் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. வெள்ளைக் கொழுப்பு சேமிக்கும், இது எரிக்கும். பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி நகராது, பெட்ரோல் மட்டும் தீருமே... அந்த மாதிரி! விருந்து தின்ற எலிகளிடம் இந்தப் பழுப்புக் கொழுப்பு வளர்ந்திருந்தது.

'கணக்கு தப்பு' என்று 1983-ல் ஹெர்வி, டோபின் என்ற இருவர் சண்டைக்கு வந்தார்கள். கூண்டில் சிதறும் சாப்பாட்டை எடைபோட்டு, எலி தின்றதை மட்டும் துல்லியமாகக் கணக்கிடுவது லேசான வேலையா என்ன?

மனிதர்களில் குழந்தைகளுக்குத்தான் பழுப்புக் கொழுப்பு முக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் பெரியவர்களின் கழுத்து, காறை எலும்புப் பக்கமும் அது வேலை செய்வது நிரூபணமானது. ஒல்லியானவர்களிடம்தான் அது அதிகம் தென்பட்டது. எனவே, ஒரே பந்தியில் ஒரே சாப்பாடு சாப்பிட்டாலும் இரண்டு உடம்பு ஒரே மாதிரி கணக்குப் போடும் என்று சொல்ல முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். புரூக்ளின் எலிகளை 'வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறிகள்' என்று யாரும் திட்டவில்லை. எலிகள் அதே எலிகள்தான். மாறியது கூண்டுக்குள் வந்த சாப்பாடு. பக்கத்து வீட்டு குண்டு மனிதரைக் கிண்டலடிக்கும் முன், உங்கள் தெருவில் எத்தனை பேக்கரி, எத்தனை ஃபாஸ்ட் ஃபுட் கடை என்று ஒரு நடை போய் எண்ணிவிட்டு வாருங்கள்.

எதுவும் வாங்காமல்!