கரடிப் பித்தத்தில் கண்டெடுத்த மாத்திரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக வாசியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன மாதம் போன் செய்தான். பேரப்பிள்ளை எடுத்துவிட்டான், துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், ஆனாலும் எனக்குப் பையன்தான். "டீச்சர், ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில கல்லாம். ஆபரேசன் வேண்டாம், மாத்திரையிலயே கரைஞ்சுரும்னு ஒருத்தர் சொல்லுதாரு. கரையுமா?" என்று கேட்டான். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தியவள், அவ்வளவுதான். ஆனால் அந்த மாத்திரை எங்கள் வீட்டுக்குள் பல வருசமாக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அவனுக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பித்தப்பைக் கல்லை நாம் இன்று நோய் என்கிறோம். நம் பாட்டிமார் அதையே மருந்தாக வைத்திருந்தார்கள், தெரியுமா? கோரோசனை என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, பச்சைப் பிள்ளைக்குத் தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவுவார்களே, அது மாட்டின் பித்தப்பையில் விளைகிற கல். எல்லா மாட்டிலும் இருக்காது என்பதால் எடைக்கு எடை அதற்குப் பெரிய விலை. சீன வைத்தியத்திலும் அதே கல்லுக்கு அதே மதிப்பு. (இப்போதைய குழந்தை மருத்துவர்கள் பிள்ளைக்கு எதையும் உரசிக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். அதைக் கேளுங்கள்.)

உடம்புக்குள் கல் எப்படி விளையும் என்று முத்துக்குளித்துறைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்பிக்குள் ஒரு சின்னக் கரு. அதன்மேல் சிப்பி சுரக்கிற பொருள் அடுக்கடுக்காகப் படிகிறது, முத்தாகிறது. நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன் பிறகு 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கையாகக் கருவை வைத்தே முத்து விளைவித்துக் காட்டினார்கள். பித்தப்பையில் நடப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். கல்லை இரண்டாக வெட்டினால் பலவற்றில் வளையம் வளையமாகத் தெரியும்.

ஆனால் எந்தப் பொருள் படிகிறது என்பதில்தான் விசயமே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் கரைசல் பாடம் நடத்தும்போது மேசையில் மூன்று டம்ளர் வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? உப்பு தண்ணீரில் கரையும். மெழுகு கரையாது. சுண்ணாம்பு தண்ணீரில் கரையாது, காடியில் நுரைத்துக் கரையும். முத்தும் அந்தச் சுண்ணாம்பு வகைதான், அதனால் காடியில் போட்டால் கெட்டுப்போகும். பித்தப்பைக் கல் ஒரே வகை இல்லை. ஒன்று கொலஸ்ட்ரால் கல். மெழுகு மாதிரி, மஞ்சள் வெளுப்பாக இருக்கும். இன்னொன்று நிறமிக் கல். இரத்தச் சிவப்பணு சிதையும்போது உண்டாகிற பிலிருபின் என்ற நிறமி சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இறுகியது, கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். இரண்டும் கலந்த கல்லும் உண்டு. மாத்திரையின் வரலாறு முழுக்க அந்த முதல் வகையைச் சுற்றித்தான் வருகிறது.

சீனாவில் தாங் வம்ச காலத்தில், 659-ஆம் ஆண்டு, அரசே தொகுத்து வெளியிட்ட மருந்து நூலில் கரடிப் பித்தம் இடம்பெற்றிருக்கிறது. காமாலை, வயிற்று வலி என்று பலவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானுக்கும் அந்தப் பழக்கம் போனது. கரடியின் பித்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆயிரம் வருசத்துக்கும் மேல் யாருக்கும் தெரியாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் வேதியியலாளர் ஓலோஃப் ஹம்மர்ஸ்டன், துருவக் கரடியின் பித்தத்தில் இதுவரை காணாத ஓர் அமிலம் இருப்பதைக் கண்டார். 1927-இல் ஜப்பானின் ஒகயாமாவில் மசாட்டோ ஷோடா என்பவர் கரடிப் பித்தத்திலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்து, உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார். 'உர்சஸ்' என்றால் லத்தீனில் கரடி. வாய் சுளுக்கும் பெயர், நாம் உர்சோ என்றே வைத்துக்கொள்வோம். மருந்துச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். நம் உடம்பிலும் இது மிகக் கொஞ்சமாக உண்டு. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன.

1950-களின் நடுவில் ஜப்பானியர்கள் இதை ஆலையில் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கரடி வேண்டாம், இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போகும் மாட்டுப் பித்தமே போதும் என்றானது. 1957-இல் டோக்கியோ தனாபே நிறுவனம் மாத்திரையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதும் அது கல்லீரலுக்கு நல்லது என்று பொதுப்படையாக விற்ற டானிக் மாதிரிதான். கல்லைக் கரைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

கல் கரைப்பதில் முந்திக்கொண்டது உர்சோவின் அண்ணன். கீனோடிஆக்சிகோலிக் அமிலம் என்று பெயர், கிட்டத்தட்ட அதே உருவம். 1972-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 7 பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், சிலருக்குக் கல் சிறுத்தது அல்லது மறைந்தது. கத்தி வைக்காமல் கல் கரைவது அதுவரை கேள்விப்படாத சங்கதி. உலகமே பரபரப்பானது. அமெரிக்க அரசு 916 நோயாளிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தியது. 1981-இல் முடிவு வந்தபோது பரபரப்பு அடங்கிவிட்டது. நாள்தோறும் 750 மில்லிகிராம் வீதம் இரண்டு வருசம் சாப்பிட்டவர்களில் முழுக்கக் கரைந்தது 13.5 சதவீதம் பேருக்குத்தான். அத்தோடு வயிற்றுப்போக்கு, கல்லீரலுக்குச் சிரமம். இதற்குள் 1975-லேயே ஜப்பானில் மாகினோ என்பவரும் உடனிருந்தவர்களும் உர்சோவும் கொலஸ்ட்ரால் கல்லைக் கரைக்கிறது என்று அறிவித்திருந்தார்கள். தொல்லையும் குறைவு. 1987 கடைசியில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கரையும், ஆனால் எல்லோருக்கும் எல்லாக் கல்லும் கரையாது. கல் கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும், ஒரு சென்டிமீட்டருக்குள், அதிலும் அரை சென்டிமீட்டருக்குள் என்றால் நல்லது. சுண்ணாம்பு ஏறியிருக்கக் கூடாது. பித்தப்பை சுருங்கி விரிந்து வேலை செய்ய வேண்டும், குழாயில் அடைப்பு கூடாது. இத்தனையும் பொருந்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருசம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். கரைந்தவர்களிலும் ஐந்து வருசத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடி கல் வருகிறது. பை அதே பைதானே?

நம் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இந்தியா முழுவதும் ரயில்வே ஊழியர்களைப் பார்த்ததில், பித்தப்பைக் கல் தென்னிந்தியரைவிட வடஇந்தியருக்கு ஏழு மடங்கு அதிகம். சாப்பாட்டு வித்தியாசம்தான் காரணம் என்று அவர் நினைத்தார். பின்னால் அறுவை செய்து எடுத்த கற்களைச் சோதித்தபோது வேறொன்றும் தெரிந்தது. வடக்கே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல். நம் தெற்கே நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் அதிகம். நிறமிக் கல்லை உர்சோ கரைக்காது. தண்ணீரில் போட்ட மெழுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலத்தான். "ஒருத்தர் சொல்லுதாரு" என்பதை நம்பி வருசக்கணக்கில் மாத்திரை வாங்குவதற்கு முன்னால், என் கல் எந்த வகையாக இருக்கக்கூடும் என்று குடல்நோய் மருத்துவரிடம் கேட்கச் சொன்னது இதனால்தான். நாள்பட்ட தொல்லை இல்லாமல் சும்மா கிடக்கும் கல்லுக்குப் பலருக்கு எதுவுமே செய்ய வேண்டியிருக்காது என்பதும் உண்மை. அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரையின் செல்வாக்கு மங்கியதற்கு இன்னொரு காரணம் அறுவை சிகிச்சை எளிதானது. பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், 1882-இல். நூறு வருசம் வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் செய்தார்கள். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹெ சின்னத் துளை வழியாகச் செய்தார். சக மருத்துவர்கள் அவரை முதலில் திட்டித் தீர்த்தார்கள். 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தார். இப்போது பலர் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இரண்டு வருச மாத்திரைக்கு யார் காத்திருப்பார்?

அப்படியானால் அந்த மாத்திரை ஏன் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது? என் அக்காவுக்காக. உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு ஐம்பது வயதில் உடம்பெல்லாம் அரிப்பு. களிம்பு பூசிப் பூசி இரண்டு வருசம் போனது. எப்போதும் அசதி. கடைசியில் ஒரு மருத்துவர் இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற அளவு ஏறியிருப்பதைப் பார்த்து, இன்னொரு இரத்தச் சோதனையும் செய்து, கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிற நோய் என்றார். சுருக்கப் பெயர் பி.பி.சி. (தமிழில் எழுதினால் லண்டன் வானொலி மாதிரி இருக்கிறது.) பெரும்பாலும் நாற்பது தாண்டிய பெண்களுக்கு வருகிறது. முன்பு அதன் பெயரிலேயே 'சிரோசிஸ்' இருந்தது. பெயரைக் கேட்டதும் "குடிக்காதவளுக்கு எப்படி?" என்று ஊர் பேசும். 2015-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம்.

இந்த நோய்க்கு ஒரு காலத்தில் கல்லீரல் மாற்றுவதைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. 1987-இல் பாரிஸ் மருத்துவர் ரவுல் பூப்பான் 15 நோயாளிகளுக்கு உர்சோ கொடுத்துப் பார்த்தார். இரத்த அளவுகள் இறங்கின. பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் சாதகமாக இருக்க, 1997-இல் அமெரிக்கா இந்த நோய்க்கும் அனுமதித்தது. கல்லைக் கரைக்க வந்த மாத்திரை, கல்லே இல்லாத நோய்க்கு முதல் மருந்தானது. உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கு, வாழ்நாள் முழுக்க. எல்லோருக்கும் போதுமான பலன் தருவதில்லை. அக்காவுக்குத் தந்தது. அரிப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் பேத்தி கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் வரை வந்து பந்தியில் நின்று பரிமாறினார்.

கூடச் சாப்பிட்டால் கூடப் பலன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்குகிற வேறொரு நோய்க்கு, இதே மருந்தை இரட்டிப்பு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவு, மருந்து சாப்பிட்டவர்களுக்கே கேடு அதிகம் என்று காட்டியது.

கீழாநெல்லி பற்றிக் கேட்பீர்கள், கேட்காமல் விடமாட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய பாருச் புளம்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை கீழாநெல்லியைப் பற்றியதுதான். நல்ல பலன் என்றது. பின்னர் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதுவும் அந்த ஆய்வு கிருமியைப் பற்றியது. கல் உருண்டு பித்தக் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். வெளிக்கு வெளுத்துப் போகும், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும், குளிர்காய்ச்சல் வரும். அந்தக் காமாலையில் எந்த இலையும் அடைப்பை எடுக்காது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்க வேண்டும், அதுவும் உடனே. என்னோடு வேலை பார்த்த ஒரு சார் பத்து நாள் பத்தியம் இருந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தம் வரை கிருமி ஏறி, திரும்பி வரவில்லை.

கடைசியாக, மைனி ஒருவர் கேட்டது. "கரடியைக் கொன்னா இந்த மாத்திரை செய்யுதாவ?" இல்லை மைனி. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து ஆலையில் செய்தது. ஆனால் கரடிக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. 1980-களில் சீனாவில் கரடிப் பண்ணைகளே தொடங்கினார்கள். நெஞ்சில் பிறை போட்ட ஆசியக் கருங்கரடியைக் கூண்டில் அடைத்து, வயிற்றில் துளையிட்டு உயிரோடு பித்தம் எடுக்கிறார்கள். மாத்திரை மலிவாகக் கிடைக்கிற காலத்திலும் அசல் பித்தமே ஒசத்தி என்று வாங்க ஆள் இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்குச் சீன அரசு சொன்ன மருந்துப் பட்டியலிலும் கரடிப் பித்தம் சேர்ந்த ஊசி மருந்து ஒன்று இருந்தது. நம் கடலின் அட்டைக்கும் கிழக்கே அதே மாதிரிச் சந்தைதான். 2001 முதல் கடல் அட்டை பிடிப்பது இந்தியாவில் குற்றம். ஆனாலும் தூத்துக்குடியில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது, பார்க்கிறீர்கள்தானே.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள், அதை டாக்டரிடம் காட்டுங்கள்.