ஞாயிற்றுக்கிழமை யாரை இறக்குவது?

1962இல் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 14 ஆட்டங்கள் ஆடி ஒன்றே ஒன்றில் வென்றது. அந்தத் தோல்விப் பருவத்தில் அணி கிழக்குக் கடற்கரைப் பக்கம் போயிருந்தபோது, நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டுக்கு விதி எழுதினார்கள். ஒருவர் அணியில் சிறு பங்கு வைத்திருந்த தொழிலதிபர் பில் விங்கன்பாக். இன்னொருவர் அணியின் மக்கள் தொடர்பைப் பார்த்துவந்த பில் டன்னல். மூன்றாமவர் ‘ஓக்லண்ட் டிரிப்யூன்’ நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங். சொந்த அணி இந்த லட்சணத்தில் இருந்தால் யாருக்குத்தான் கற்பனை அணி வேண்டியிருக்காது?

அமெரிக்காவில் இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் ‘ஃபேன்டசி ஃபுட்பால்’ பிறந்த கதை இதுதான். ஐபிஎல் சமயத்தில் கைபேசியில் பதினொரு பேரைப் பொறுக்கிப் பழகியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ஒரு வீரரைப் பத்து லட்சம் பேர் தேர்ந்தெடுக்கலாம். ஓக்லண்ட்காரர்கள் வகுத்த முறையில், பருவத் தொடக்கத்தில் முறை வைத்து வீரர்களை எடுப்பார்கள். ஒருவர் எடுத்த வீரர் அந்தக் குழுவில் வேறு யாருக்கும் கிடையாது. அப்புறம் வாராவாரம், கையில் இருப்பவர்களில் யாரை இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்ற மண்டையிடி.

முதல் தேர்வு 1963 ஆகஸ்டில் விங்கன்பாக்கின் வீட்டில் நடந்தது. எட்டு அணிகள். முதலில் எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் அணியின் ஜார்ஜ் பிளாண்டா. பந்தை எறியவும் செய்வார், உதைத்து கோலும் போடுவார். ஒரே ஆளிடம் இரண்டு வருமானம். அந்தக் காலத்தின் மாபெரும் ஓட்டக்காரரான ஜிம் பிரவுனே அவருக்குப் பிறகுதான். மைதானத்தின் ஓரத்தில் நின்று, ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்கள் அன்று பட்டியலில் ‘எண்ட்’ என்ற பெயரில் இருந்தார்கள். பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

காரணம் கணக்கு முறை. உதைப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அன்று மதிப்பு, பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டும் டச் டவுனுக்குத்தான். ஒருவர் 150 யார்டு பிடித்து ஓடி, கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் மடக்கப்பட்டால் அவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த முயற்சியில் அந்த ஒரு யார்டை முட்டித் தள்ளியவருக்கு முழுக் கூலி. திங்கட்கிழமைப் பேப்பரைப் பிரித்துக் கையால் கூட்டிக் கழிக்க வேண்டிய காலத்தில் வேறு வழியும் இல்லை. டச் டவுனை எண்ணுவது சுலபம்.

ஆண்டி மௌசலிமாஸ் ஓக்லண்டில் ‘கிங்ஸ் எக்ஸ்’ என்ற மதுக்கூடம் நடத்தியவர், முதல் குழுவிலும் இருந்தவர். 1969இல் அவர் தன் வாடிக்கையாளர்களுக்கு இந்த விளையாட்டைத் திறந்துவிட்டார். வீட்டு அறைக்குள் இருந்த சங்கதி ஊருக்குள் வந்தது அப்படித்தான். எழுபதுகளில் யார்டுக்கும் புள்ளி என்ற வழக்கம் அங்கே தலைகாட்டியது.

ஆனால் ரிசீவரின் தலையெழுத்தை மாற்றியது மதுக்கூடமல்ல, நிஜ ஆட்டத்தை நடத்தும் என்எஃப்எல் லீக்கின் விதிப்புத்தகம். எழுபதுகளின் பெரும்பகுதியில் தடுப்பாட்டக்காரர்கள் ரிசீவரை மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம். பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளௌண்ட் இதில் பேர்போனவர். 1977இல் லீக் முழுவதிலும் அதிக யார்டு பிடித்த டல்லஸ் வீரர் ட்ரூ பியர்சனின் கணக்கு 14 ஆட்டங்களில் 870 மட்டுமே. அடுத்த ஆண்டே விதி மாறியது: ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவர் மேல் கை வைக்கக் கூடாது. பந்து வானத்தில் ஏறியது. 1995இல் ஜெர்ரி ரைஸ் 1,848 யார்டு. 2012இல் டெட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன் 1,964. வேடிக்கை என்னவென்றால், ஜான்சன் அந்தப் பருவம் முழுக்கப் பிடித்த டச் டவுன்கள் ஐந்துதான். பழைய ஓக்லண்ட் கணக்கில் அவர் சராசரி ஆள்.

யார்டு கூடினாலும் ரிசீவரை நம்புவது கடினம். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கின் கையில் பந்து நேராகக் கொடுக்கப்படுகிறது. நல்ல ஆளென்றால் ஓர் ஆட்டத்தில் இருபது தடவைகூடக் கிடைக்கும். ரிசீவர் பிறர் கையை நம்பிப் பிழைப்பவர். எறிபவருக்குத் தோள் வலித்தாலும், காற்று பலமாக அடித்தாலும், எதிரே கெட்டிக்காரத் தடுப்பாளர் நின்றாலும் அவர் பாடு திண்டாட்டம். 2009இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டாரெல் ரெவிஸ் இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு நட்சத்திர ரிசீவரைக் கட்டிப்போட்டார். ‘ரெவிஸ் தீவு’ என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டே ஆண்டுக்கு முன் 23 டச் டவுன் பிடித்துச் சாதனை படைத்த ராண்டி மாஸுக்கு ஓர் ஆட்டத்தில் அவரிடம் கிடைத்தது 24 யார்டு. மாஸை அந்த வாரம் பெஞ்சில் உட்கார வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்திருக்கும்!

அதே மாஸ், 1998இல் புதுமுகமாக, நன்றி நவிலல் நாளில் டல்லஸில் ஆடியபோது பிடித்தது மூன்றே பந்துகள். மூன்றும் டச் டவுன், மொத்தம் 163 யார்டு. இப்படி ஒரே வீச்சில் வாரத்தை வெல்பவர், சின்னச் சின்னதாகப் பத்துப் பந்து பிடிப்பவர் என்று இருவகை ரிசீவர்களில் யார் உசத்தி என்ற வழக்கு, பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்ற புது விதி பரவியபோது சூடுபிடித்தது. ரன்னிங் பேக்குகளே தேர்வின் முதல் சுற்றை அள்ளிக்கொண்டு போனதற்கு மாற்றாக வந்த விதி அது. ஒரு அங்குலம்கூட முன்னேறாத பிடிக்கும் கூலியா என்று பழையவர்கள் முகம் சுளித்தார்கள். பல குழுக்கள் அரைப் புள்ளியில் சமாதானம் ஆயின.

இதற்குள் கணக்குப் போடும் வேலை கணினிக்குப் போய்விட்டது. 1999இல் யாஹூ இந்த விளையாட்டை இலவசமாகத் தந்தது. செய்தியும் வேகம் பிடித்தது. இன்று ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது ஆடாதவர் பட்டியல் வந்துவிடுகிறது. காயப்பட்ட நட்சத்திரத்தின் இடத்தில் நிற்கப்போவது யார் என்பதே வைட் ரிசீவர் வேட்டையின் பாதி. 1989 நவம்பரில் ஹென்றி எல்லார்டு காயத்தால் ஒதுங்க, ராம்ஸ் அணியின் ஃபிளிப்பர் ஆண்டர்சன் 336 யார்டு பிடித்தார். ஒரே ஆட்டத்தில் அதுதான் இன்றுவரை என்எஃப்எல் சாதனை.

2023இல் அதே ராம்ஸில் கூப்பர் கப் காயத்தால் விலக, என்எஃப்எல் அணிகளின் புதுமுகத் தேர்வில் ஐந்தாம் சுற்றில் 177ஆவது ஆளாக வந்த பூகா நகுவா இறங்கினார். பெரும்பாலான ஃபேன்டசி குழுக்களில் அவரைச் சீந்தியவர் இல்லை. முதல் ஆட்டத்தில் 10 பிடி, 119 யார்டு. இரண்டாவதில் 15 பிடி, 147 யார்டு. டச் டவுன் ஒன்றுகூட இல்லை. 1963 கணக்கில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துப் பூஜ்யம். பத்து யார்டுக்கு ஒரு புள்ளி என்றால் 26.6. பிடிக்கும் புள்ளி உண்டென்றால் 51.6. அவருடைய முதல் டச் டவுன் நான்காம் வாரம், இண்டியானாபோலிஸில், கூடுதல் நேரத்தில் வந்தது.